கிளச் பம்பில் எயார் எடுப்பது: வீட்டு வாசலிலேயே செய்யலாமா?

தலவாக்கலை_110:
வணக்கம். வண்டி கொரொல்லா 110, மேனுவல் கியர். கிளச் பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கி, அதற்குப் பிறகுதான் பிடிக்கிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கியர் ஒழுங்காக விழுகிறது. நானுஓயா ஏற்றம் ஏறி நின்றதும் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. பெடலை இரண்டு மூன்று தரம் அடித்தால் விழுந்துவிடும். கிளச் ஒயில் டப்பாவில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஒயில் பிளேன்டீ நிறத்தில் கறுத்திருக்கிறது.
எயார் எடுக்க வேண்டும், அதாவது குழாய்க்குள் சேர்ந்த காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும் என்று விளங்குகிறது. வீட்டில் செய்ய என்னென்ன சாமான் வேண்டும், எந்த ஒயில், எவ்வளவு, எப்படிச் செய்வது? வாசலில் சமதரை கிடையாது, சரிவுதான்.

பொகவந்தலாவ_பாஸ்:
தம்பி, சாமான் வாங்க முன்னாடி ஒரு விசயம். மூடின குழாய்க்குள்ள எயார் தானா வராது. ஒயில் மட்டம் இறங்கியிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுலதான் விடை இருக்கு. பிரேக்ல பேட் தேயத் தேய மட்டம் இறங்கும், அது சாதாரணம். கிளச் அதுக்கு நேர்மாறு. பிளேட் தேயும்போது கியர்பெட்டிப் பக்கம் இருக்கிற கீழ் பம்ப் பிஸ்டன் உள்ளுக்குத் தள்ளப்படும், அதனால மட்டம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கிளச் டப்பாவில மட்டம் இறங்குதுன்னா ஒயில் எங்கயோ வெளிய போகுது. போற வழியாத்தான் எயார் உள்ள வருது. அதை அடைக்காம எயார் எடுத்தா ரெண்டு கிழமையில திரும்பவும் இதே கதைதான்.
பார்க்க வேண்டிய இடம் மூணு. முதல்ல கீழ் பம்ப்: தள்ளுகோல் வெளிய வர்ற இடத்துல இருக்கிற ரப்பர் மூடியை விரலால லேசா விலக்கிப் பாருங்க. உள்ள காய்ஞ்சு இருக்கணும். ஒயில் சொட்டினா பிஸ்டன் ரப்பர் போயிருச்சு. அடுத்தது பெடலோட சேர்ந்த மேல் பம்ப்: இதுல லீக் இருந்தா எஞ்சின் பக்கம் ஒண்ணும் தெரியாது, ஒயில் பெடல் கம்பி வழியா கார் உள்ளுக்குத்தான் இறங்கும். பெடலுக்கு மேல கையை விட்டுத் தடவிப் பாருங்க, கார்ப்பெட் ஓரத்தையும் பாருங்க. எஞ்சின் பக்கத்துல மேல் பம்புக்குக் கீழ பெயின்ட் பொரிஞ்சு உரிஞ்சிருந்தா அதுவும் அடையாளம். மூணாவது ரப்பர் ஹோஸ். ஒரு ஆளைப் பெடலை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு ஹோஸைக் கையில பிடிங்க. கைக்குள்ள ஊதினா அதை மாத்தணும். அதுல எத்தனை தரம் எயார் எடுத்தாலும் பெடல் மெதுமெதுன்னுதான் இருக்கும்.

வெலிமடை_அளவுகோல்:
பாஸ் அண்ணன் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியில் எங்குமே ஈரம் இல்லை, ஆனாலும் பெடல் தாழ்கிறது என்றால் மேல் பம்பின் உள் ரப்பர் அழுத்தத்தைத் தாங்காமல் ஒயிலைத் தன்னைச் சுற்றிப் பின்னால் விடுகிறது என்று அர்த்தம். சோதனை இப்படி: சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், டயர்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கிளச்சை அடிவரை அமுக்கி முதல் கியரில் போட்டு, அப்படியே அரை நிமிடம் பிடியுங்கள். காலை அசைக்காமலே வண்டி முன்னால் உன்னத் தொடங்கினால் மேல் பம்ப். சரிவில் இதைச் செய்யவே வேண்டாம்.
கியர் கடினமாக விழுவதெல்லாம் கிளச் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடும்போது மட்டும் மறுக்கிறது என்றால் கிளச் முழுதாக விடுபடவில்லை. இரண்டு நிலையிலும் கடினம் என்றால் கியர் லிவர் கம்பிகள் அல்லது பெட்டியின் உட்புறம். நுவரெலியா, ராகலைப் பக்கம் விடியற்காலையில் மட்டும் முதல் இரண்டு கியர் இறுகி, ஐந்து நிமிட ஓட்டத்தில் இளகினால் அது கியர் ஒயில் குளிரில் கெட்டியானதால்.
உங்களுடையது சூட்டில் மோசமாகி, அடித்தால் தேறுகிறது. எயாரும் பழைய ஒயிலும் சேர்ந்த குணம் அது. ஒயில் பல வருடமாக ஈரத்தை இழுத்திருக்கும்.

தலவாக்கலை_110:
பார்த்துவிட்டேன். மேல் பம்ப் பக்கம் காய்ந்திருக்கிறது. கீழ் பம்பின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே கறுப்பு ஒயில், அரைத் தேக்கரண்டி அளவு சொட்டியது. ஹோஸ் ஊதவில்லை. கிட் (பம்புக்குள் போடும் புது ரப்பர் செட்) மட்டும் போட்டால் போதுமா, புதுப் பம்பே வாங்குவதா?

பொகவந்தலாவ_பாஸ்:
பம்பைக் கழட்டி உள்ள பார்த்துத்தான் முடிவெடுக்கணும். பழைய ரப்பரைக் கழட்டிட்டு, உள்சுவரைத் துணியால துடைச்சு, டோர்ச் அடிச்சுப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருந்தா கிட் போதும். நகத்துக்குத் தட்டுப்படுற குழியோ கோடோ இருந்தா கிட் காசு வீண், புது ரப்பரும் சில மாசத்துல அறுந்துரும். ஈரம் உள்ள தங்கி அலுமினியத்தை அரிச்ச குழி அது. எமரி பேப்பர் போட்டு உரசாதீங்க, உரசினா அளவு கூடி ரப்பர் தளரும்.
கிட் வாங்கும்போது பம்பு உடம்புல வார்த்திருக்கிற அளவைப் பார்த்து எழுதிக்கிட்டுப் போங்க. 5/8, 11/16, 13/16 அங்குலம்னு இருக்கும். பழைய ரப்பர் மேலயும் அளவு பொறிச்சிருக்கும். 2020 மார்ச்ல இருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி நின்னிருந்த காலத்துல பழைய கார்களுக்கு ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட்ட பம்ப் நிறைய, அதனால மொடலைச் சொல்லி வாங்குறதை விட அளவைச் சொல்லி வாங்குறது நல்லது. கண்டியில இல்லாட்டி கொழும்பு பஞ்சிகாவத்தையில கட்டாயம் கிடைக்கும்.
கழுவுறதுக்குப் புது பிரேக் ஒயில் இல்லாட்டி மெதிலேட்டட் ஸ்பிரிட். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் தொடவே கூடாது. இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிரும். ரப்பரோட விளிம்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு கழட்டும்போதே போன்ல படம் எடுத்து வைங்க. விளிம்பு ஒயில் பக்கம், அதாவது அழுத்தம் வர்ற பக்கம் பார்க்கணும். புது ரப்பரையும் பிஸ்டனையும் பிரேக் ஒயில்ல நனைச்சு, சாய்ச்சுச் சுத்திச் சுத்தி உள்ளுக்கு விடுங்க. நேரா குத்தினா விளிம்பு மடங்கும்.

ஹட்டன்_டொல்பின்:
பம்ப் ஏறின பிறகு எயார் எடுக்கிற முறையை நான் சொல்றேன்.
சாமான்: புது பிரேக் ஒயில் 500 மில்லி போத்தல் ஒண்ணு. இந்த சிஸ்டத்துக்கு 200, 300 மில்லிதான் போகும், ஆனா பாதியில தீர்ந்து போகக் கூடாது. டப்பா மூடியில டொட் 3ன்னு இருந்தா டொட் 3 இல்லாட்டி டொட் 4, ரெண்டும் கலக்கலாம். டொட் 5 சிலிகோன், அது வேற சாதி, கிட்டயே கொண்டு போகாதீங்க. 5.1 கலக்கலாம், பேர்ல ஏமாந்துராதீங்க. எயார் நிப்பிளுக்கு, அதாவது கீழ் பம்புல எயார் வெளிய விடுற சின்னத் திருகுக்கு, 8 மி.மீ. இல்லாட்டி 10 மி.மீ. ரிங் ஸ்பெனர். வண்டியைப் பார்த்துட்டு எடுங்க. திறந்த வாய் ஸ்பெனர் போட்டா மூலை உருண்டுரும். மீன் தொட்டிக்குப் போடுற தெளிவான ஹோஸ் ஒரு மீட்டர், முனையைச் சுடுதண்ணியில முக்கினா நிப்பிள் மேல இறுக்கமா ஏறும். ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல், பழைய துணி, ஒரு வாளி தண்ணி. தண்ணி ஏன்னா பிரேக் ஒயில் பெயின்ட்டைத் தின்னும். பட்ட உடனே தண்ணி ஊத்திக் கழுவினா போயிரும், துணியால தேய்ச்சா பரவும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க.
இப்ப ஆகப் பெரிய விசயம். நம்ம பக்கம் வண்டியை நிறுத்துறதே கியர்ல போட்டுத்தான். எயார் எடுக்கும்போது உதவிக்கு இருக்கிறவர் கிளச்சை அமுக்கினதும் கியர் பிடி விட்டுரும், சரிவுல வண்டி உருளும். ஆள் கீழ இருப்பீங்க. அதனால ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்து, சரிவுப் பக்கம் ரெண்டு டயருக்கும் முன்னங்கை அளவு கல்லு வச்சு, அதுக்கப்புறம் ஒருக்கா கிளச்சை அமுக்கி வண்டி அசையாதான்னு பார்த்துட்டு வேலையைத் தொடங்குங்க. 110ல எயார் கிளீனர் குழாயைக் கழட்டினா மேலேருந்தே கை போகும். கீழ போகணும்னா சரிவுல ஜெக் போடவே வேண்டாம், ஒரு சமதரையைத் தேடுங்க.
முதல்ல டப்பாவில இருக்கிற கறுத்த ஒயிலை ஊசி இல்லாத சிரிஞ்சால உறிஞ்சி எடுங்க. அடியில சேறு இருந்தா துடைச்சு எடுத்துட்டு, மேல் கோடு வரைக்கும் புதுசு ஊத்துங்க. மூடியை இறுக்காம மேல சும்மா வைங்க, தூசியும் பனியும் விழாது. நிப்பிள் ரப்பர் தொப்பியை எடுத்து, ஸ்பெனரை முதல்ல போட்டு, அதுக்கு மேல ஹோஸை ஏத்துங்க. ஹோஸ் முதல்ல கொஞ்சம் மேல எழும்பி வளைஞ்சு, பிறகு போத்தலுக்குள்ள இறங்கணும். போத்தல்ல ரெண்டு விரல்கடை புது ஒயில் ஊத்தி ஹோஸ் முனையை அதுக்குள்ள முக்கி வைங்க.
இனிப் பேச்சு மூணு வார்த்தைதான்: அமுக்கு, பிடி, விடு. உள்ள இருக்கிறவர் மெதுவா அடிவரைக்கும் அமுக்கி "அமுக்கியாச்சு"ன்னு சத்தமாச் சொல்லணும். நீங்க கால் சுத்துல இருந்து அரைச் சுத்து வரைக்கும் திறங்க. ஒயிலும் குமிழியும் ஓடும். ஓட்டம் நிக்க முன்னாடி பூட்டுங்க. பூட்டின பிறகுதான் "விடு". அவசரப்பட்டு ஒரு தரம் முன்கூட்டி விட்டாலும் எயார் திரும்ப உள்ள போயிரும், அதுவரை செஞ்சது வீண். தொடக்கத்துல பெடல் தரையிலயே ஒட்டிக்கிட்டு மேல வராது. பயப்பட வேண்டாம், தள்ளித் தர்ற அழுத்தம் இன்னும் வரலை. காலால கீழேருந்து தூக்கி விடச் சொல்லுங்க. அஞ்சு தரத்துக்கு ஒருக்கா டப்பாவைப் பார்த்து நிரப்புங்க. 15, 20 தரம் போகும். குமிழி நின்னு, ஒயில் நிறம் தெளிஞ்ச பிறகும் இன்னும் நாலு தரம் எடுங்க.

ராகலை_பொடியன்:
அண்ணே, ஏன் மெதுவா அமுக்கணும்? பத்து தரம் வேகமா அடிச்சு அழுத்தம் ஏத்திட்டுத் திறந்தா பலமா அடிச்சுக்கிட்டு வருமே.

ஹட்டன்_டொல்பின்:
வேகமா அடிச்சா பெரிய குமிழி உடைஞ்சு நுரையாயிரும். பெரிய குமிழியை ஒரே தள்ளுல வெளிய அனுப்பலாம். நுரை ஒயிலோட கலந்து பம்பு சுவர், ரப்பர் விளிம்பு, முக்குன்னு ஒட்டிக்கிட்டு அனுப்ப அனுப்ப வந்துக்கிட்டே இருக்கும். அப்படி ஆயிருச்சுன்னா அரை மணி நேரம் விட்டுட்டு ஒரு பிளேன்டீ குடிச்சுட்டு வாங்க, நுரை சேர்ந்து பெரிசாயிரும்.

வெலிமடை_அளவுகோல்:
கிளச்சில் எயார் எடுப்பது பிரேக்கை விடச் சிரமம் ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மேல் பம்ப் 5/8 அங்குலம், அதாவது விட்டம் 15.9 மி.மீ. பிஸ்டன் 30 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்கு வெளியேறும் ஒயில் 6 மில்லிக்குச் சற்றுக் குறைவு, ஒரு தேக்கரண்டி அளவு. கீழ் பம்ப் 13/16 அங்குலம் என்றால் அந்த ஒயில் தள்ளுகோலைச் சுமார் 17 முதல் 18 மி.மீ. நகர்த்தும். இதில் ஒரு மில்லி எயார் இருந்தால் அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கும், தள்ளுகோல் 3 மி.மீ. தூரத்தை இழக்கும். இரண்டு மில்லி என்றால் 6 மி.மீ. போய்விட்டது, ரிவர்ஸ் அரைக்கத் தொடங்கும். அதனால் நெல்மணி அளவு குமிழிகளைக்கூட விட்டுவைக்க முடியாது.
இரண்டாவது காரணம் குழாய். நம் கார்களில் ஸ்டியரிங் வலது பக்கம். கொரொல்லா மாதிரி எஞ்சின் குறுக்காக இருக்கும் கார்களில் கியர்பெட்டி இடது பக்கம். குழாய் குறுக்கே போய், வளைந்து, மேலேறி இறங்கும். 4.75 மி.மீ. குழாயின் உள்துளை 3.3 மி.மீ. அளவுதான். இத்தனை ஒல்லியான குழாய்க்குள் குமிழி லேசில் மேலே ஏறாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒயில் ஓடித்தான் அதை நகர்த்த வேண்டும். ஒன்றரை மீட்டர் குழாய் என்றால் உள்ளே 13 மில்லி இருக்கிறது, இரண்டு மிதிக்கும் மேல். நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாகச் சொட்டவிடும் முறை சில வண்டிகளில் வேலை செய்து, மேடான வளைவு உள்ள வண்டிகளில் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம்.

ஹப்புத்தளை_டீசல்:
இரண்டு பேர் இல்லாவிட்டால் கீழிருந்து மேலே தள்ளும் முறைதான் எனக்குப் பிடித்தது. மருந்துக் கடையில் 60 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். அதில் புது ஒயிலை நிரப்பி, ஹோஸை மாட்டி, ஹோஸ் முனையில் ஒயில் எட்டிப் பார்க்கும்வரை தள்ளி, பிறகு நிப்பிளில் மாட்டுங்கள். ஹோஸுக்குள் எயார் இருந்தால் அதையே உள்ளே ஏற்றுவீர்கள். மேலே டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழிந்து பெயின்ட் போகும். நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து ஒரே சீராகத் தள்ளுங்கள். டப்பாவில் குமிழி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். சிரிஞ்சில் கடைசி 5 மில்லி இருக்கும்போதே பூட்டுங்கள். சிரிஞ்சின் கறுப்பு ரப்பர் பிரேக் ஒயிலில் ஊதி இறுகிவிடலாம், ஒரு நாள் வேலைக்குத்தான் தாங்கும், இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.
இந்த முறைக்கு வண்டியின் முன் பக்கம் தாழ்ந்து நின்றால் நல்லது, மேல் பம்ப் இன்னும் உயரத்தில் இருக்கும். சரிவை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.
ஒரு நிபந்தனை: பழைய கறுத்த ஒயிலை முதலில் கீழ்வழியாக வெளியேற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். சேற்றை மேல் பம்புக்குள் தள்ளினால் உள்ளே இருக்கும் ஊசித்துளை அடைபடும்.

ராகலை_பொடியன்:
பெடலை அடிவரைக்கும் அமுக்கி ஒரு கட்டையைச் சீட்டுக்கு முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விட்டா காலையில எயார் தானா போயிரும்னு சொல்றாங்களே, உண்மையா?

பொகவந்தலாவ_பாஸ்:
உண்மைதான், ஆனா எல்லா எயாருக்கும் இல்லை. அமுக்கி வச்சா குமிழி சுருங்குது. மேல் பம்பை ஒட்டி இருக்கிறது பம்புக்குள்ள சேருது. காலையில விடும்போது டப்பாவுக்குப் போற துளை திறந்து அது வெளிய போகும். மேல் பம்ப் மாத்தின பிறகு மிச்சம் மீதி எடுக்க நல்ல வழி. கீழ் பம்புக்குள்ள இருக்கிற குமிழிக்கு இது சரிவராது. அதோட, நம்ம பக்கம் கிளச்சை அமுக்கி ராத்திரி முழுக்க விடுறதுன்னா வண்டி ஹேண்ட் பிரேக்கையும் கல்லையும் மட்டும் நம்பி நிக்கும். சரிவுல நான் விட மாட்டேன்.
கீழ் பம்புக்கு வேற வழி இருக்கு. ரெண்டு போல்ட்டும் கழட்டி, குழாயைக் கழட்டாம பம்பை வெளிய எடுங்க. நிப்பிள் இருக்கிற முனை மேல வர்ற மாதிரிப் பிடிச்சு, தள்ளுகோலைப் பெருவிரலால மெதுவா கடைசிவரைக்கும் உள்ளுக்கு அமுக்குங்க. உள்ள இருக்கிற ஒயிலும் எயாரும் டப்பா பக்கம் போகும், மேல ஆள் வச்சுக் குமிழி வருதான்னு பாருங்க. மெதுவா விடுங்க, திரும்ப அமுக்குங்க. ஏழெட்டுத் தரம். நிப்பிள் துருப்பிடிச்சுத் திறக்க முடியாத பம்புக்கும் இது உதவும். பம்ப் வெளிய இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, தொட்டா பிஸ்டன் பாய்ஞ்சு வெளிய வந்துரும்.
இது வேலை செய்யணும்னா பெடல் முழுசா மேல வந்து, மேல் பம்போட துளை திறந்து இருக்கணும். பெடலுக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கிற கம்பியில கொஞ்சம் ஆட்டம் வேணும். டொயோட்டாவில பெடல் முனையில அளந்தா அந்தக் கம்பி ஆட்டம் 1 முதல் 5 மி.மீ., பெடலோட மொத்த வெறும் ஓட்டம் 5 முதல் 15 மி.மீ. யாராவது பெடலை உயர்த்துறதுக்காக அந்தக் கம்பியை நீட்டி வச்சிருந்தா துளை மூடியே இருக்கும். எயாரும் போகாது, சூடானா ஒயில் விரிஞ்சு கிளச்சைத் தானே அமுக்கும், ஏற்றத்துல பிளேட் வழுக்கிக் கருகும். பெடல் தாழ்ந்துருச்சுன்னு அந்த நட்டைத் திருகுறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு பதறும்.

தலவாக்கலை_110:
நன்றி அண்ணே, கம்பி ஆட்டம் 3 மி.மீ. இருக்கிறது. பம்பின் உள்சுவர் சுத்தமாக இருந்ததால் கிட் போடுகிறேன். இன்னொரு கேள்வி. கையால் இழுக்கும் வெக்குவம் பம்ப் ஒன்று இரவலாகக் கிடைக்கும். அதைப் பாவிக்கலாமா?

வெலிமடை_அளவுகோல்:
பாவிக்கலாம், இரண்டு விசயம் தெரிந்துகொண்டு. ஒன்று, நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு ஹோஸில் சிறு குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அது சிஸ்டத்துக்குள்ளிருந்து வரும் எயார் இல்லை. இதைப் பார்த்து ஏமாந்து ஒரு போத்தல் ஒயிலையும் தீர்ப்பவர்கள் உண்டு. நிப்பிளைச் சுற்றி ரப்பர் கிரீஸ் பூசினால் குறையும். வெள்ளை டேப் சுற்றுவதானால் மரையில் மட்டும், கூம்பு முனைக்குக் கிட்டப் போகாமல் சுற்றுங்கள். துண்டு பிய்ந்து உள்ளே போனால் துளை அடைக்கும்.
மற்றது, உயரம். நுவரெலியா 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். மீற்றரில் பாதரச அளவில் 29 அங்குலம் வரை கோடு இருந்தாலும் அங்கே எப்படி இழுத்தாலும் 24க்கு மேல் ஏறாது. பம்ப் பழுதில்லை, இழுக்க அவ்வளவு காற்றுத்தான் இருக்கிறது. இந்த வேலைக்கு 10 முதல் 15 அங்குலம் போதும், அதற்கு மேல் இழுத்தால் மரை வழிக் காற்றுத்தான் கூடும். கடைசி நாலைந்து தரத்தை எப்படியும் பெடல் முறையிலேயே எடுத்து முடியுங்கள்.

லிந்துலை_கென்டர்:
நிப்பிள் இறுகிப்போய் அசையவே இல்லைன்னா? கென்டர் லொறியோட கீழ் பம்புல ரெண்டு பேர் முயன்றும் வரலை.

பொகவந்தலாவ_பாஸ்:
முதல் நாளே துருநீக்கி ஒயில் அடிச்சு ஊற விடுங்க. ஆறு மூலை சொக்கெட் போட்டு, முதல்ல இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்க. "டிக்"னு துரு உடையும். பிறகு கழட்டுற பக்கம். நிப்பிள் தலைமேல சின்னச் சுத்தியலால பொட்டு பொட்டுனு தட்டுறதும் உதவும், ஓங்கி அடிச்சா முறியும். முறிஞ்சா தோண்டி எடுக்கிற வேலையில இறங்காதீங்க, பம்பே மாத்துறது மலிவு. பூட்டும்போதும் அப்படித்தான். அது கூம்பு முனை, இறுக்கினா இறுகிக்கிட்டே போகும். 8 முதல் 11 நியூட்டன் மீட்டர்தான், அதாவது சின்ன ரிங் ஸ்பெனரை ரெண்டு விரலால இழுக்கிற பலம். குழாய் போல்ட் நடுவுல துளையுள்ள வகைன்னா ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் புதுசு போடுங்க.

ஹட்டன்_டொல்பின்:
வேன்காரங்களுக்கு ஒரு வார்த்தை. வேன், பிக்கப், லொறி மாதிரி கியர்பெட்டி நீளவாக்குல இருக்கிற வண்டியில கீழ் பம்பும் வண்டி நீளத்துக்குப் படுத்திருக்கும். சரிவுல நிறுத்தும்போது நிப்பிள் இருக்கிற முனை உயர்ந்து, தள்ளுகோல் முனை தாழ்ந்து நிக்கணும். மாறி நின்னா எயார் பிஸ்டன் பக்கம் ஒதுங்கிக்கும், நிப்பிள்ல தெளிஞ்ச ஒயில் வரும், பெடல் மட்டும் தேறாது. ரெண்டு மணி நேரம் எடுத்தும் சரிவரலைன்னா வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு ஒருக்கா முயன்று பாருங்க.

மஸ்கெலியா_பிக்கப்:
கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா இருக்கும் வண்டியில் பிரேக்குக்கும் எயார் போய்விடுமா?

ஹப்புத்தளை_டீசல்:
கிளச் குழாய் டப்பாவின் பக்கவாட்டில் உயரத்திலிருந்துதான் புறப்படும். கிளச்சில் லீக் வந்தால் மட்டம் அந்தத் துளை வரை இறங்கி நிற்கும், பிரேக்குக்கு வேண்டிய ஒயில் அடியில் மிஞ்சும். ஆனால் சிரிஞ்சால் உறிஞ்சும்போது அடிவரை உறிஞ்சிவிடாதீர்கள். மட்டம் கிளச் துளைக்குக் கீழே போனால் நீங்கள் மிதிக்க மிதிக்க எயார்தான் உள்ளே போகும்.

தலவாக்கலை_110:
கிட் போட்டு எயார் எடுத்தாயிற்று. பெடல் முறையில் 22 தரம், பிறகு பாஸ் அண்ணன் சொன்ன பெருவிரல் முறையில் 8 தரம். பெருவிரல் முறையில்தான் டப்பாவில் பெரிய குமிழி மூன்று வந்தது. தள்ளுகோல் ஓட்டத்தை அடிமட்டம் வைத்து அளந்தேன், 17 மி.மீ. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. மொத்தம் 280 மில்லி ஒயில் போனது. பழைய ஒயிலை என்ன செய்வது? மீதிப் போத்தலை வைத்திருக்கலாமா?

வெலிமடை_அளவுகோல்:
17 நல்ல அளவு. திறந்த போத்தலை வைத்திருக்க வேண்டாம். இந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140க்கு இறங்கும். டொட் 4க்கு 230ம் 155ம். நம் பக்கத்துப் பனியில் மூடி சரியாக மூடாத போத்தல் ஒரு மழைக்காலம் தாங்காது.
பழையதைக் கானிலோ தேயிலை மலையிலோ ஊற்றிவிடாதீர்கள். கான் ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்துதான் கீழே லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. மூடியுள்ள போத்தலில் "பழைய பிரேக் ஒயில், நஞ்சு" என்று எழுதி, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் எஞ்சின் ஒயிலோடு கலக்காமல் கொடுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பார்க்கத் தேத்தண்ணி மாதிரி இருக்கும், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

பொகவந்தலாவ_பாஸ்:
நல்ல வேலை தம்பி. நாளைக்கும் ஒரு கிழமை கழிச்சும் கீழ் பம்ப் ரப்பர் மூடியை விலக்கி ஈரம் இருக்கான்னு பாருங்க, டப்பா மட்டத்துல பேனாவால கோடு போட்டு வைங்க. கீழ் பம்புக்குப் புது ரப்பர் போட்டா அழுத்தம் முழுசா ஏறும், மேல் பம்போட பழைய ரப்பர் சில நேரம் அதைத் தாங்காது. பெடல் திரும்பவும் மெல்லத் தாழ ஆரம்பிச்சா, கீழ ஈரம் இல்லைன்னா, வெலிமடை அக்கா சொன்ன அரை நிமிடச் சோதனையைச் சமதரையில செஞ்சு பார்த்துட்டு மேல் பம்பு அளவையும் எழுதிக்கிட்டு வாங்க.